எல்டர்கூமில் நாலு பேரைக் கேட்டு

"சேர்ச்சுக்கு எந்தப் பக்கம், தங்கச்சி, அவையின்ர வீடு?"

வாமதேவன் கேட்ட முதல் கேள்வியே இதுதான். லண்டன் ஹரோவில் அவருடைய வீட்டு முன்னறையில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த செல்வமலர் கொஞ்சம் யோசித்தார்.

"கிழக்கால, அண்ணை. ஆத்தங்கரையில ஒரு பழைய மில் வீடு."

"ஆத்தங்கரை எண்டால் வெள்ளம் ஏறுமே?"

"அந்த வீட்டுக்கு ஏறாது, மேடு. அறுபத்தெட்டில ஊரே தண்ணிக்குள்ள நிண்டபோது, நாற்பது பேர் அவையின்ர மாடியிலதானாம் படுத்தெழும்பினவை."

வாமதேவன் மனைவி நகுலேஸ்வரியைப் பார்த்தார். அவர் மெல்லத் தலையசைத்தார்.

மகள் லக்‌ஷிகா ஓர் ஆங்கிலேயப் பையனைக் கட்டப்போவதாகச் சொல்லி இரண்டு மாதமாகிறது. பெயர் டொம். நல்ல பிள்ளை, நல்ல வேலை. அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் குடும்பத்தை விசாரிக்காமல் எப்படிச் சம்மதிப்பது? யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை என்றால் இரண்டு போன் அழைப்பில் மூன்று தலைமுறையும் வெளியே வந்துவிடும். டொமின் ஊரோ குன்றுகளுக்கு நடுவில் கிடக்கும் எல்டர்கூம் கிராமம். அங்கே யாரைப் பிடித்துக் கேட்பது?

"நீங்கள் ஓம் எண்டு சொல்லாமல் நான் கட்டமாட்டன் அப்பா. ஆனா ஞாயிற்றுக்கிழமைக்கிடையில சொல்லிப்போடுங்கோ" என்று மகள் கெடு வைத்துவிட்டாள். இன்று சனிக்கிழமை.

நல்ல வேளையாக, அந்த ஊரில் கடையும் தபால் கந்தோரும் நடத்துவது ஒரு தமிழ்ப் பெண் என்று தெரியவந்தது. வாமதேவன் போன் எடுத்தார். "இதையெல்லாம் போனில கதைக்க ஏலாது அண்ணை, நேரில வாறன்" என்ற செல்வமலர், இரண்டு ரயில் மாறி வந்தும்விட்டார்.

"பழைய ஊரோ?"

"சேர்ச்சுக்கே எழுநூறு வயசு. ஊருக்குள்ள ஒரே ஒரு ரோட்டு. ஆர் போனாலும் வந்தாலும் என்ர கடைக் கண்ணாடிக்குத் தப்ப ஏலாது."

"இவை எத்தினை தலைமுறையாய் அங்க?"

"சேர்ச் வளவில ஏழு தலைமுறை படுத்திருக்கு. கோபுரத்தில ஆறு மணி தொங்குது. நாலாவது மணிக் கயிறு எப்பவும் இவையின்ர கையிலதான். இப்ப டொமின்ர தகப்பன் ரோஜர் அடிக்கிறார்."

"கோயில் உரிமை உள்ள குடும்பம்" என்றார் வாமதேவன். குரலிலேயே மரியாதை ஏறியிருந்தது. "குடி?"

"வெள்ளிக்கிழமையில இரண்டு கிளாஸ். மூண்டாவது கேட்டால் பப்காரனே வீட்டுக்குக் கலைச்சுப்போடுவான்."

"தாய் எப்படி?" இது நகுலேஸ்வரி.

"யூலையில ஊர்த் திருவிழா வரும். கேக் போட்டியில எப்பவும் அந்த மனிசிக்குத்தான் முதல் பரிசு. போன வருஷம் புருஷனை இழந்த ஒருத்தி வெல்லட்டும் எண்டு, வேணுமெண்டே உப்பை அள்ளிப் போட்டவ. திண்ட எனக்கெல்லோ தெரியும்."

நகுலேஸ்வரி இன்னொரு வடையை எடுத்து செல்வமலரின் தட்டில் வைத்தார்.

"ஆரோடையும் பகை உண்டோ?" என்று வாமதேவன் கேட்டார்.

செல்வமலர் தயங்கினார். "பக்கத்து வீட்டோட பதினொரு வருஷமாய்க் கதை பேச்சில்லை. வேலி. ஒரு அடி தள்ளி நட்டுப்போட்டினமாம்."

வாமதேவன் தொடையில் தட்டிச் சிரித்தார். "கேட்டனீரே நகுலா? வெள்ளைக்காரர் எண்டு சும்மா பயந்துபோனம். இது எங்கட ஆக்களப்பா."

"உங்களுக்குச் சந்தோஷமாய்த்தான் இருக்கும். இந்த வீட்டு வேலிக்குக் கவுன்சிலுக்கு ஒன்பது கடிதம் போட்ட ஆளெல்லோ" என்றார் நகுலேஸ்வரி.

"அப்படியோ அண்ணை?" செல்வமலர் கதிரை நுனிக்கு வந்தார். "இப்ப உங்கட பக்கத்து வீட்டுக்காரரோட எப்படி?"

"போன மாரியில அந்தாளுக்கு நெஞ்சு நோக, நான்தான் என்ர வான் வண்டியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனனான். அது வேற, வேலி வேற."

செல்வமலருக்குப் பேச்சு நிற்கவில்லை. முன்பு அவர்கள் சுவிஸில் இருந்தது எந்த இடம், லண்டனில் வாமதேவனின் டைல்ஸ் பதிக்கும் வேலை எப்படிப் போகிறது, வீட்டில் யார் சமையல், மகளோடு யாருக்கு ஒட்டு என்று கேட்டுக்கொண்டே குசினி அடுப்படி வரைக்கும் போய் எட்டிப் பார்த்தார். பாவம், தமிழில் கதைக்க ஆளில்லாத ஊரில் இருக்கிற பிள்ளை என்று வாமதேவன் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

பிறகு மாடிப்படியடியில் போய் நின்றார்.

"லக்‌ஷிகா, நாளைக்கு என்னத்துக்கு? இப்பவே சொல்லுறன். ஓம்."

மேலே கதவு திறந்த சத்தமும், அவள் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடிவந்த சத்தமும் சேர்ந்தே கேட்டன. தகப்பனைக் கட்டிப்பிடித்தவள் செல்வமலரையும் கட்டிப்பிடித்தாள்.

வாசலில் வாமதேவன் பணப்பையை எடுத்தார். "எனக்காக இவ்வளவு தூரம் வந்தனீங்கள். ரயில் காசையாவது வாங்கவேணும்."

"ஐயோ, வேண்டாம் அண்ணை. டிக்கெட்டை ரோஜர் எடுத்துத் தந்தவர்."

"ரோஜரோ? அவர் எதுக்கு?"

"பொம்பிளை வீட்டு ஆக்கள் எப்படிப்பட்டவை எண்டு, நேரில போய் விசாரிச்சுக்கொண்டு வரச் சொல்லி" என்ற செல்வமலர், கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். "எனக்குத் திருப்தி அண்ணை."