படுக்கிற ஆட்கள் தொகை

“நாலாவது ஆள் எங்க?”

ஆமிக்காரன் அன்னப்பூரணியிடம் மூன்றாம் முறையாகக் கேட்டான். அவன் கையில் இருந்தது அவள் வீட்டு மலேரியா மட்டை. அதில் இருந்தது என்னுடைய எழுத்து.

ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதையும் காலையிலேயே வெளியே எடுத்து வேலியோரம் நிறுத்தியிருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சுற்றிவளைப்பு எங்களுக்குப் புதிதில்லை. குடும்பப் பட்டியலைப் பார்ப்பார்கள், தலையை எண்ணுவார்கள், போவார்கள். கதவுக்குப் பின்னால் தொங்குகிற மட்டையை இதுவரை ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

இந்த நாசமாய்ப் போனவன் பார்த்துவிட்டான்.

நான் மலேரியா மருந்தடிக்கிறவன். தாங்கியை முதுகில் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போவேன். காய்ச்சல் பரப்புகிற நுளம்பு சாகச் சுவருக்கு மருந்தடித்துவிட்டு மட்டையில் எழுதுவேன். தேதி, அறைகள், படுக்கிற ஆட்கள் தொகை. இந்தக் கடைசி விஷயத்தில் நான் பொல்லாதவன். வாவிக்கரையில் ஒரு வீட்டில் காய்ச்சல் தொடங்கினால் ஒழுங்கையையே படுக்க வைத்துவிடும். எந்த வீட்டில் எத்தனை பேர் என்று தெரியாமல் யாருக்கென்று இரத்தம் எடுத்துப் பார்ப்பது?

போன மாதம் அன்னப்பூரணி மூன்று பேர் என்றுதான் சொன்னாள். அவளும் இரண்டு மகள்மாரும். புருஷன் செத்து நாலு வருசம். ஆனால் கொடியில் ஆம்பிளை கட்டுகிற சாரம் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

“கிராம சேவகருக்குப் பொய் சொல்லலாம் புள்ள, நுளம்புக்குச் சொல்லேலாது” என்று பெரிய பகிடி விட்டேன்.

அவள் சிரித்துவிட்டு உண்மையைச் சொன்னாள். பனிச்சங்கேணியில் இளம் பொடியன்மாரை ஆமி பிடிக்கிறது என்று அவளுடைய தம்பி நல்லரத்தினம் ஓடிவந்திருக்கிறான். கிராம சேவகரிடம் இன்னும் பதியவில்லை. நுளம்புக் கணக்கை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நானும் நாலு எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

வாயா இது! இன்றைக்கும் நினைத்தால் என் வாயில் நானே அடிக்க வேண்டும்போல் இருக்கிறது.

நல்லரத்தினம் அப்போது தோணியில், வாவிக்குள். எந்த நேரமும் கரைக்கு வரலாம்.

பட்டியலில் மூன்று. மட்டையில் நாலு. போன கிழமை பக்கத்து ஊரில், பதியாத ஒருவனை வீட்டில் வைத்திருந்ததற்காக அவனையும் வீட்டுக்காரியையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு பேரும் இன்னும் திரும்பவில்லை.

“இது யாரு எழுதினது?”

கையை உயர்த்திக்கொண்டு முன்னுக்குப் போனேன்.

“பிழையா எழுதினது எண்டு சொல்ல வேணாம்” என்று அவனே முந்திக்கொண்டான்.

நான் அதைத்தான் சொல்ல நினைத்திருந்தேன். இனி என்ன சொல்வது? அன்னப்பூரணியின் சின்ன மகள் விம்மத் தொடங்கினாள். இந்தப் பிள்ளை மாமா என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

“அது நான்தான் சேர். நான் இங்கதான் படுக்கிறனான்.”

ஒழுங்கை முழுக்கக் கேட்டது. கனகசிங்கம் அண்ணன் என்று என்னை வாய் நிறையக் கூப்பிடுகிற அன்னப்பூரணி தலையைக் குனிந்துகொண்டாள். ஆமிக்காரன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

“உனக்குப் பொஞ்சாதி இல்லையா?”

இருக்கிறாள். பெண்கள் பக்கத்தில் மூன்றாவதாக நிற்கிறாள். சீதேவிப்பிள்ளை. கடைக்குப் போய் வரக் கொஞ்சம் பிந்தினாலே பத்துக் கேள்வி கேட்கிறவள். இந்த மனிசனுக்குப் பைத்தியமா என்று அவள் வாய் விட்டால் எல்லாம் முடிந்தது.

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். என் காலடியில் காறித் துப்பினாள்.

“ஓம் சேர், இவர் அங்கதான் படுக்கிறவர். இந்த வெக்கங்கெட்ட மனிசன்ட கதை ஊருக்கே தெரியும்.”

அவன் மட்டையை என் நெஞ்சில் எறிந்தான். அவரவர் வீட்டு வாசலில் போய் நிற்கும்படி கத்தினார்கள். சனம் கலைந்தது. எனக்கு எந்த வாசலுக்குப் போவதென்று ஒரு கணம் விளங்கவில்லை.

சீதேவிப்பிள்ளை என்னைக் கடந்து போகும்போது என் சட்டைப் பையிலிருந்த பேனையை உருவிக்கொண்டாள்.

“நம்மட மட்டையில அஞ்சு எண்டு கிடக்கு” என்று முணுமுணுத்துவிட்டு நடந்தாள்.

அன்னப்பூரணியின் வாசலில் நின்றபடி, ஆமிக்காரர் என் வீட்டுக்குள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவியும் மூன்று பிள்ளைகளும் வாசலில் நின்றார்கள். நாலு பேர். மட்டையில் அவள் ஐந்தை நாலாக்கியிருப்பாள். கணக்குச் சரி. போய்விட்டார்கள்.

நல்லரத்தினம் மத்தியானத்துக்குப் பிறகுதான் கரைக்கு வந்தான். அந்தக் கிழமையே கல்குடாப் பக்கம் போய்ச் சேர்ந்தான். ஆமி திரும்பி வந்து பார்க்கும் என்ற பயத்தில் பத்து நாள் அன்னப்பூரணியின் விறாந்தையில் பாய் போட்டேன். சோறு என் வீட்டிலிருந்துதான் வந்தது. சீதேவிப்பிள்ளை ஒரு நேரமும் தவறவிடவில்லை. தெய்வம்போல ஒருத்தி எனக்கு வாய்த்திருக்கிறாள் என்று நினைத்து நினைத்துச் சாப்பிட்டேன்.

அடுத்த சுற்று மருந்து வந்தபோது எங்கள் வீட்டுக்கும் நான்தான் அடித்தேன். அடித்து முடித்து, மட்டையில் ஐந்து என்று எழுதப் போனேன்.

அவள் மட்டையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

“அண்டைக்கு ‘நான் இங்கதான் படுக்கிறனான்’ எண்டு சொல்லக்குள்ள உங்களுக்குக் குரல் நடுங்கவேயில்லையே” என்றாள்.