வீணாகும் சூடு

ஜனவரி 9

நேற்று அடுப்படி பல்பை மாற்றினேன். அது தவறு. தவறு என்று இன்று விடியலில்தான் தெரிந்தது.

நேற்று மாலை வயரிங் வகுப்பில் சார் சொன்னார்: குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தில் கொஞ்சம்தான் வெளிச்சம். மீதியெல்லாம் சூடாகி வீண்.

'வீண்' என்பதற்குக் கீழே கோடு போட்டுக்கொண்டேன்.

வரும் வழியில் ஒரு எல்.இ.டி. பல்பு வாங்கினேன். நான் வீடு சேர்வதற்குள் லாரி வந்து அம்மாவை ஏற்றிப் போயிருந்தது. இரவெல்லாம் ஓடைத் தண்ணீரில் கேரட் கழுவும் வேலை.

பழைய பல்பு நெஞ்சளவுக்குத் தாழத் தொங்கியது. யார் வயரை இப்படி விட்டது என்று எரிச்சலாக இருந்தது. சுருட்டி மேலே கட்டினேன். கழற்றும்போது பல்பு நழுவி உடைந்தது. வருத்தப்படவில்லை.

அம்மா திரும்பும் நேரத்தில் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பேன். இன்று விழித்திருந்தேன். அம்மா எப்படி வியக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

வெளியே புல்லெல்லாம் உறைபனி.

அம்மா சுவிட்சைப் போட்டார்.

"என்னடி பிலோ, டியூப்லைட்டு குட்டி போட்டிருக்கா?"

சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் பல்பு இருந்த இடத்துக்கு நீட்டினார்.

அங்கே ஒன்றும் இல்லை.

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். புதிய பல்பைக் கைகளுக்குள் பொத்திக்கொண்டார்.

நின்றார்.

இன்னும் நின்றார்.

அந்த விரல்களின் நிறத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் பிளக் பாயிண்ட் கிடையாது. "பல்பு மட்டும் எரிங்க. ஹீட்டரு கீட்டருன்னு மாட்டுனீங்க, லைனையே புடுங்கிருவேன்" என்று குடிவந்த அன்றே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். சிலிண்டர் பொங்கல் வரை வர வேண்டும்.

"அடுப்பப் பத்த வைக்கட்டுமாம்மா?"

"அப்புறம் சோத்த எதுல பொங்குவ? வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு. இந்த ஸ்வெட்டர் பட்டன மட்டும் கழட்டி விடு."

கழற்றினேன். கைகளைப் பிடித்து என் அக்குளுக்குள் வைத்து அழுத்தினேன். சற்று நேரம் விட்டுவைத்தார்.

"உனக்குக் குளிருதுடி" என்று உருவிக்கொண்டார்.

அம்மா தூங்கியதும் வயரை அவிழ்த்துத் தாழ விட்டேன். இதையாவது சரியாகச் செய்தேனா என்று இரண்டு முறை பார்த்தேன்.

பகலில் பஜார் முழுக்கக் கேட்டேன். குண்டு பல்பு இப்போது வருவதே இல்லையாம்.

மாலையில் லாரி வந்தது. அம்மா போய்விட்டார்.

நாளை காலை கோழிப் பண்ணைக்குப் போக வேண்டும். குஞ்சுகளுக்குச் சூடு காட்டும் பல்பை எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்க வேண்டும்.