பேருந்து நிலையத்துக் கேமரா

"ஏனுங்க மேடம், கேமராவுல பதிஞ்சதைக் காட்ட உங்களுக்கு என்னுங்க தயக்கம்?" பொங்கியண்ணன் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"காட்டினா உங்களுக்குத்தானுங்க கஷ்டம்," என்றார் எஸ்.ஐ. மௌனிகா.

பாலக்காட்டின் கிழக்கோரத்துச் சிறு நகரம் அது. அந்த மாதத்தின் மூன்றாவது கத்திக்குத்து, நேற்று மாலை பேருந்து நிலையத்தில் நடந்திருந்தது. குத்துப்பட்டவனின் அருகில் ரத்தக் கையோடு நின்ற பூபதிராஜா கைதாகியிருந்தான். அவன் பொங்கியண்ணனின் ஒரே மகன்.

"தூக்கப் போன பையனைக் குத்துனவன்னு சொல்றீங்க. கேஸைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லிச் சேர்மன் நெருக்கறாருங்களாக்கும்?"

"நெருக்கறது நெசந்தானுங்க. அதுக்காக நான் எதையும் மறைக்கலை."

"அப்பப் படத்தைப் போடுங்க. போன வாரந்தானே அந்தக் கேமராவைத் திறந்து வெச்சீங்க. அதுக்குத் தெரியாம ஒரு ஈ பறக்காதுன்னு மேடையில பேசுனீங்களே."

மௌனிகா கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார். நேற்று மாலை ஐந்து மணி. திரை முழுவதையும் நீல நிறத்தில் ஏதோ ஒன்று மறைத்தபடி காற்றில் அசைந்தது.

"யாரோ வேணும்னே மறைச்சிருக்கறான். குத்துனவனோட கூட்டாளியாத்தான் இருப்பான். அவனை மொதல்ல புடிங்க."

"நல்லாப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். முந்தாநாள் அவரே கம்பத்தில் ஏறிக் கட்டிய பதாகை அது. மாலை வெயில் ஊடுருவியதால் எழுத்துகள் இடம்வலம் மாறித் தெரிந்தன: 'கேமரா தந்த தலைவருக்கு நன்றி.'

அதன் கீழே, கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார் பொங்கியண்ணன்.