வலைக்கண்

"வலையை யாரும் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே மீன்வள அதிகாரி படகுக்குள் தாவினாள். அளவுத் தகட்டை வலைக்கண்ணில் வைத்து அழுத்தினாள். நுழையவில்லை.

"குஞ்சையும் அள்ளுற வலை. கடல் சூடாகி மீனே குறைஞ்சு கிடக்கு. பறிமுதல் பண்ணுங்க."

புத்தம்புது வலை. போனால் இந்தப் பருவத் தொழிலே போச்சு. ஆனால் படகுக்காரர் சூசை மீசையை நீவிக்கொண்டு சிரித்தார்.

"என்ன வே, வலை போகுது, பல்லைக் காட்டுதீரு?" என்றார் மீன் வாங்க வந்த வெளியூர் வியாபாரி.

"யார் படகுன்னு பாக்காம அளந்துட்டா, பாத்தீரா வே!"

வியாபாரி படகின் முகப்பைப் பார்த்தார். 'ஜெசிந்தா' என்று பெரிதாக எழுதியிருந்தது. பிறகு அதிகாரியின் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தார்.

சூ. ஜெசிந்தா.