நாலே நாலு சைகை

"விரலைக் கொஞ்சம் கீழே இறக்குங்க. முஷ்டி வேண்டாம், கொக்கி மாதிரி மடக்கினாப் போதும்," என்றாள் சால்கின். சொன்னது பெர்மெத்தின் கைகள். சால்கின் மொழிபெயர்ப்பாளர், அந்தக் கைகளுக்குக் குரல் கொடுத்தாள், அவ்வளவுதான்.

இயக்குநர் தாலாய்பெக் நல்ல பிள்ளையாக விரலை மடக்கினார். மூன்று மணிக்குத் திரை விலகும். அதற்குள் நாலு சைகை மனப்பாடமாக வேண்டும்.

யோசனை அவருடையதுதான். பல சமூகங்களிலிருந்தும் புதிய கலைத் தலைவர்களைத் தேடி ஒரு நடுவர் குழு கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக்கில் நாடகம் நாடகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்றைய நாடகம் பிடித்துவிட்டால், பழைய நூலகக் கட்டடத்தில் வரப்போகும் புதிய அரங்கம் இதன் இயக்குநர் கைக்குப் போகும். நடிப்பவர்கள் எல்லோரும் காது கேளாதவர்கள். கடைசியில் அவர்கள் மொழியிலேயே இயக்குநர் நன்றி சொன்னால் நடுவர்கள் உருகிவிட மாட்டார்களா?

நாடகத்தை எழுதியது பெர்மெத். பகலெல்லாம் தையல் பட்டறையில் கால்சட்டைக்கு ஜிப் வைப்பாள்; உடைந்த ஊசி தெறித்த தழும்பு இன்னும் புருவத்தில் இருக்கிறது. 'இவங்களுக்கு மெஷின் சத்தம் தொந்தரவே இல்ல' என்று காது கேளாத பெண்களாகப் பார்த்துச் சேர்க்கும் முதலாளியைப் பற்றிய கதை. நடிகர்களைப் பழக்கியதும் அவள்தான். தாலாய்பெக் ஒத்திகைக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்.

சுவரொட்டியில் 'எழுத்து, இயக்கம்: தாலாய்பெக்' என்று இருந்தது. அடியில் நன்றி வரிசை. நாற்காலி இரவல் கொடுத்தவருக்கும் கீழே பெர்மெத்.

காலையில் அவள் அதைக் கிழித்துக்கொண்டு வந்து அவர் மேசைமேல் வீசினாள்.

"இது என் நாடகம். என் பேரு எங்கே?" என்றாள் சால்கின். மொழிபெயர்க்கும்போது அவள் 'நான்' என்றால் அது அவள் இல்லை, கையசைக்கிறவர். அந்தத் தொழிலின் விதி அது.

தாலாய்பெக் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தன் பெயர் மட்டும் இல்லாவிட்டால் இந்த நாடகத்தை எந்த நாய் சீண்டும்?

"அரங்கம் நடத்துறது விளையாட்டாம்மா? மந்திரி ஆபீஸ்லேருந்து போன் வந்தா யாரு எடுப்பா? நீயா?"

"போன் எடுக்க உங்களை வேலைக்கு வெச்சுக்கறேன், பாய்கே."

'பாய்கே' என்றால் அண்ணன். அவருக்குக் காது சிவந்தது. "வாயே இல்ல, கொழுப்பைப் பாரு!" என்றவர் சட்டென்று சால்கின் பக்கம் திரும்பினார். "இதை அவகிட்டச் சொல்லித் தொலைக்காதே."

"சொல்லியாச்சு, பாய்கே. உங்க வாயில வந்தா என் கையில வந்துடும்."

பெர்மெத் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். மதியம் அவளே திரும்பி வந்து, "சரி, நீங்க கேட்ட சைகையைக் கத்துத் தர்றேன்," என்றாள். பணிந்துவிட்டாள் என்று அவருக்கு ஒரே நிம்மதி. எத்தனை துள்ளினாலும் கடைசியில் இந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய மனிதர் ஒருவர் வேண்டித்தானே இருக்கிறது!

வாசலில் நின்ற நடிகன் அய்பெக் மரத்தரையை ஓங்கி உதைத்தான். அதிர்வில் பெர்மெத் திரும்பியதும், அவளைக் கூப்பிடுகிற மாதிரி இரண்டு விரலால் தன் புருவத்தைக் கீறிக் காட்டிவிட்டுக் கைகளை வீசித் தள்ளினான்.

"என்னவாம் அவனுக்கு?"

"'இந்த ஆளுக்குப் போய்ச் சொல்லிக் குடுக்கறியே, சூடு சொரணை இல்லையா'ங்கறான்."

பெர்மெத் ஒரு விரலைச் சொடுக்கிப் பதில் சொன்னாள்.

"இவ என்ன சொன்னா?"

"'போய் மேக்கப் போடு'ன்னாங்க."

தாலாய்பெக் சிரித்தார். "பையனை விடு. நாலையும் ஒரு தடவை வரிசையாக் காட்டு. அர்த்தத்தோட."

பெர்மெத் காட்டக் காட்ட, சால்கின் ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"மேடையைக் காட்டிக் கையைச் சுழற்றினா, இந்த நாடகம். புருவத்துல ரெண்டு விரல், கண்ணோட ஒளி. விரலைக் கொக்கியா மடக்கி நெஞ்சுப் பக்கம் இழுத்தா, சேர்த்து அணைச்சுக்கறது. கடைசியா உள்ளங்கையை மார்புல வெச்சா, நான்."

"ஆகா! கவிதை மாதிரி இருக்கே," என்றார் தாலாய்பெக். கண்ணாடி முன்னால் இருபது தடவை செய்து பார்த்தார்.

நாடகம் ஒரு மணி நேரம் ஓடியது. முதலாளி தன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பெண்களைத் திட்டும் காட்சியில் சபையின் ஒரு பாதி கைதட்டியது. காது கேளாத மறுபாதி கைகளைத் தூக்கி விரல்களை அசைத்தது. நடுவர் குழுத் தலைவி கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

பிறகு தாலாய்பெக்கை மேடைக்கு அழைத்து, புதுக் கம்பளிக் கல்பாக் தொப்பியைத் தலையில் வைத்தார்கள். புருவத்தை மறைக்காதபடி அதைக் கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டார். நடு மேடையில் நின்று, ஒன்றைக்கூடத் தவறவிடாமல், நிறுத்தி நிதானமாக நாலு சைகையையும் செய்தார்.

சபையின் காது கேளாத பாதி துள்ளி எழுந்தது. நூறு ஜோடிக் கைகள் காற்றில் படபடத்தன. அய்பெக் பெர்மெத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான். தாலாய்பெக்குக்குக் கண் கலங்கிவிட்டது. புதிய அரங்கத்தின் சாவி கைக்கு வந்துவிட்டது போலவே இருந்தது.

"எங்களுக்கும் சொல்லுங்க, அக்கா. என்னதான் சொன்னார்?" என்று சால்கினைக் கேட்டார் நடுவர் குழுத் தலைவி.

சால்கின் மைக்கை எடுத்துக்கொண்டு தாலாய்பெக்கைப் பார்த்தாள். "தாராளமாச் சொல்லும்மா, எல்லாரும் கேக்கட்டும்!" என்று அவர் பெருந்தன்மையாகக் கைகாட்டினார்.

சால்கின் தெளிவாகச் சொன்னாள்:

"இந்த நாடகத்தைப் பெர்மெத்கிட்டேருந்து திருடினவன் நான்."