மாடிவீட்டுக்கு ஒரு சான்றிதழ்

"இதுல மனுஷன் குடியிருப்பானா?" என்று கேட்டுக்கொண்டே மானேஜர் அந்த மாடிவீட்டின் ஹாலைச் சுற்றி வந்தார். வங்கியில் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மகனுக்காக இந்த வீட்டைப் பாதி விலைக்கு அமுக்கப் பார்க்கிறார்.

அவர் வரச்சொன்ன எஞ்சினியர், வெயிலில் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மானேஜரோ குளித்த தலை ஈரம் காயாமல், ரப்பர் செருப்போடு பளிச்சென்று நின்றார். கொடுத்து வைத்த மனிதர்.

எஞ்சினியருக்குச் சுலபமான வேலைதான். குறை இருந்தால் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உண்டாக்க வேண்டும். சுவர்ப் பூச்சில் மயிரிழையாக ஒரு கீறல் இருந்தது. அதற்கு 'கட்டட விரிசல்' என்று பெயர் வைத்தார். தூணைச் சுத்தியலால் தட்டினார். கிண்ணென்று இருந்தது. கட்டியவனை மனசுக்குள் மெச்சிக்கொண்டு, வெளியே உதட்டைப் பிதுக்கினார்.

வீட்டுக்காரி ஒரு நர்ஸ். வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. இதை நல்ல விலைக்கு விற்றால்தான் அங்கே பிள்ளைகளோடு ஒதுங்க ஒரு வீடு கிடைக்கும். அப்படியும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஒவ்வொரு குறைக்கும் தலையாட்டினாள். எஞ்சினியருக்கே பாவமாக இருந்தது. பாவம் பார்த்தால் ஃபீஸ் யார் கொடுப்பது?

"வாயால சொன்னா எங்கண்ணன் நம்பமாட்டார். சீல் வச்சு எழுதிக் கொடுங்க" என்றாள் நர்ஸ்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் மானேஜர் விடுவாரா? பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தார். அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடி வரை தூண்கள் பலமிழந்துவிட்டன, எந்த நேரமும் சரியலாம், கட்டடத்தில் ஆள் குடியிருப்பது ஆபத்து என்று எழுதி, எஞ்சினியர் கையெழுத்துப் போட்டு சீலும் குத்தினார். 'ஆபத்து' என்பதற்குக் கீழே இரட்டைக்கோடு மட்டும் மானேஜர் உபயம்.

நர்ஸ் அதை நிதானமாகப் படித்தாள். போனில் படம் பிடித்தாள். நகராட்சிக் கட்டடப் பிரிவுக்கு அனுப்பப் போவதாகவும், உயிர் விஷயத்தை மறைப்பது பாவம் என்றும் சொன்னாள்.

மானேஜரின் முகம் ஏன் அப்படி வெளுத்தது என்று எஞ்சினியருக்கு விளங்கவில்லை.

போனை அழுத்தப்போன விரலை நிறுத்திவிட்டு, நர்ஸ் மானேஜர் பக்கம் திரும்பினாள்.

"கீழ்வீட்டை நீங்க எப்போ சார் காலி பண்றீங்க?"