தேறாத டீச்சர்

பல்கலைக்கழகம் பகுதிநேர ஆசிரியர்களுக்கு நடத்தும் பயிற்சியில் எதிர்வீட்டு டீச்சர் இந்த முறையும் தேறவில்லை. தேறினால்தான் வேலை. தெருவெல்லாம் சேதி பரவிவிட்டது, பரப்பியது நான்தான். காரணம் தெரியாவிட்டால் என் தலை வெடித்துவிடாதா? போனேன்.

“தெருப் பிள்ளைங்களுக்கெல்லாம் டியூஷன் எடுக்கிறவ, அங்க மட்டும் எப்படிம்மா கோட்டை விடுற?”

“வேணும்னேதான் உளறிட்டு வர்றேன்க்கா.”

“பைத்தியமா உனக்கு? வேலை வேண்டாமா?”

“வேணும். ஆனா தேறிட்டா மறுபடி பயிற்சிக்குக் கூப்பிட மாட்டாங்களே.”

“அங்க அப்படி என்ன கொட்டிக் கிடக்கு?”

“பாடம் எப்படி நடத்தணும்னு ஒரு வீடியோ போடுவாங்க. எங்க வீட்டுக்காரர் அங்க பகுதிநேரமா இருந்தப்ப எடுத்த வகுப்பு. அவரைக் கடைசிவரைக்கும் நிரந்தரமாக்கல. வீடியோவ மட்டும் வெளிய தர மாட்டாங்களாம். அவர் போன பிறகு, அந்தக் குரலைக் கேக்க எனக்கு வேற இடம் இல்லக்கா.”